பதில்: 16-ஆம் இன்டரப்ட் 'நோபடி கேர்ட்' என்று மூடப்படுகிறது

உங்கள் பிசிஐ கார்டுக்கான டிரைவரை ஏற்றிய சில நொடிகளில் லினக்ஸ் 'நோபடி கேர்ட்' (யாரும் கவனிக்கவில்லை) என்று சொல்லி 16-ஆம் இன்டரப்டை, அதாவது 'என்னைக் கவனி' என்று சாதனம் சிபியூவுக்கு அனுப்பும் சமிக்ஞையை, மூடிவிடுகிறது என்கிறீர்கள். 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் எந்த ஹேண்டிலரும் (இன்டரப்டைக் கவனிக்கும் டிரைவர் ஃபங்ஷன்) ஏற்காவிட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் அப்படித்தான் செய்யும். அதை ஏமாற்ற ஹேண்டிலரிலிருந்து எப்போதும் 'ஹேண்டில்டு' (கவனித்துவிட்டேன்) என்று திருப்பி அனுப்பாதீர்கள். இன்டரப்ட் லைன் விடாமல் அடித்து அந்த சிபியூவையே முடக்கிவிடலாம், லாக்கில் 'நோபடி கேர்ட்' என்ற வரிகூட வராது.

கார்டு எதற்காக இன்டரப்ட் எழுப்பியது என்று சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் வரவு, அனுப்பு ஆகிய இரண்டு பிட்டுகளை மட்டும்தான் பார்க்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். மாஸ்க் செய்யாத (இன்டரப்ட் எழுப்பாதபடி தடுக்காத) ஏதோ ஒரு பிழை பிட் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். முழு மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் பெரும்பாலும் கார்டு பதிலே தரவில்லை, அது வேறு கதை. மற்றபடி, ஹேண்டிலரைப் பதிவு செய்யும் முன்பே எல்லாவற்றையும் மாஸ்க் செய்து, பழைய பிட்டுகளை அழித்துவிடுங்கள்.

அப்புறம், யாரும் ஏற்காத இன்டரப்டுக்கு எல்லா ஹேண்டிலர்களையும் தேடச் சொல்லும் 'ஐஆர்க்யூபோல்' என்ற பூட் ஆப்ஷன் வெறும் ஒட்டுவேலை. கார்டு எம்எஸ்ஐ (தனி லைனுக்குப் பதில் பஸ் வழியே செய்தியாக அனுப்பும் இன்டரப்ட்) தருமானால் அதற்கு மாறுங்கள். லைனைப் பகிரும் தொல்லையாவது போகும்.