தாத்தா நடந்த பாதைதான், ஆனாலும் சீட்டு வேண்டும்

கேள்வி: தேனி மாவட்டம் குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு ஒரே நாளில் நடந்து ஏற நண்பர்கள் ஆறு பேர் கிளம்புகிறோம். என் தாத்தா சுமையோடு ஏறி இறங்கிய பாதை அது. தலைக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் வனத்துறை அனுமதியைத் தானே பார்த்துக்கொள்வதாகப் போடியில் ஒருவர் சொல்கிறார். வழியில் உள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலையூர்ப் பக்கம் மைத்துனருக்குத் தோட்டமும் இருக்கிறது. நம்பிப் போகலாமா?

பதில் (ஓய்வுபெற்ற வனச்சரகர்): போகாதீர்கள். ஆறு பேர் பெயரும் எழுதிய அனுமதிச் சீட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள். "ரேஞ்சர் நமக்கு வேண்டியவர்" என்பார். நான் வேலையில் இருந்தபோது எனக்கு வேண்டியவர் என்று சொல்லிக் காசு பார்த்தவர்களில் பாதிப் பேரை நான் கண்ணால் கண்டதில்லை.

பாதை பழையதுதான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் வந்த தேயிலை, அங்கிருந்து ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் இறங்கியது. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. 'ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். தாத்தா நடந்தார் என்பதால் பேரனுக்கு விலக்கு கிடையாது.

மைத்துனர் விஷயத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அவர் தன் தோட்டத்துக்குப் போய்வருவது அவர் பிழைப்பு. மலைக்குடிகள் தங்கள் ஊருக்கு நடப்பதும் அப்படித்தான். அவர்களை யாரும் மறிக்கப்போவதில்லை. அவர் விருந்தாளியாக நீங்கள் தோட்டம்வரை போனாலும் சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தோட்டத்து வேலியைத் தாண்டி மேலே கால் வைத்த நொடியில் நீங்கள் விருந்தாளி இல்லை, அத்துமீறி நுழைந்தவர். மைத்துனர் கூடவே நடந்தாலும் அதேதான். அவருடைய பட்டா அவர் நிலத்துக்கு, காட்டுக்கு இல்லை.

2018 மார்ச் 11 உங்களுக்கு நினைவிருக்கும். குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அனுமதி வாங்கியது டாப் ஸ்டேஷனுக்கு, போனது கொழுக்குமலைக்கு என்றது வனத்துறை. காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டை நோக்கித்தான் பாயும். பதறிய மனிதனும் மேட்டை நோக்கித்தான் ஓடுகிறான். யார் எந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் தேடி வர முடியும். தரகர் எழுதாத பெயரை யார் தேடுவார்?

2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் நீங்களே உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். குரங்கணி–சாம்பலாறு பாதை அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டு, கைபேசியில் பதியத் தெரியாதவனுக்கு அடிவாரத்தில் ஒரு மேசை, ஒரு ஆள் போட அரசுக்கு மனம் வரவில்லை. தரகர்கள் பிழைக்காமல் என்ன செய்வார்கள்?

முகட்டைத் தாண்டினால் கேரளம். வேறு துறை, வேறு சட்டம். அங்கே உங்கள் தமிழ்நாட்டுச் சீட்டு வெறும் காகிதம். டாப் ஸ்டேஷனைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் போடிமெட்டு, மூணாறு வழியாக வண்டியில் போய்வாருங்கள். அந்த 9,000 ரூபாயில் ஆறு பேருக்கும் சாப்பாடும் ஆகிவிடும்.