வாசகர் கேள்வி-பதில்: நம் பெயரில் நடந்த போர்

கேள்வி: நான் வேதாரண்யத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கொண்டாடியவர்களில் நானும் ஒருத்தி. நம் ராணுவம் போகிறது, இனி அங்கே யாரும் சாகமாட்டார்கள் என்று நம்பினோம். என் பக்கத்து வீட்டில், 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்த ஓர் அம்மா குடியிருக்கிறார். தீபாவளிக்கு நான் அதிரசம் வைத்து அனுப்பும் தூக்குவாளியை அவர் ஒருநாளும் வெறுமனே திருப்பித் தந்ததில்லை. சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் தருவார். ஆனால் அவர் வீட்டில் அன்று எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. சென்ற தீபாவளியன்று காரணம் கேட்டேன். 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த தன் தாயாரைச் சுட்டுவிட்டார்கள் என்றார். யார் என்று கேட்டதற்கு, "உங்கட ஆமிதான், டீச்சர்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டார். என் சித்தப்பா மகன் அந்தப் படையில் லாரி ஓட்டியவன். அவனிடம் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா" என்று எழுந்து போகிறான். அரசாங்கத்தின் மீது ஆத்திரம் வருகிறது. அதைவிட என் மீதே அருவருப்பு வருகிறது. நான் சுடவில்லை, சுடச் சொல்லவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வேண்டாம், வேதாரண்யம்)

பதில்: நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா, இதைப் படிக்கும் இளையவர்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இறங்கியது. சண்டை நிறுத்தத்தைக் காப்பதும், போராளி இயக்கங்களிடமிருந்து ஆயுதங்களை வாங்கிக்கொள்வதும் அதற்கு இடப்பட்ட பணி. செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த, விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட புலிகள் பலாலி படைத்தளத்தில் நஞ்சருந்தி மாண்டனர். அதையடுத்துப் புலிகள் கிழக்கில் சிங்களப் பொதுமக்களைக் கொன்றனர். அக்டோபர் 10 அன்று யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் சண்டையை நம் படை தொடங்கியது. காவலுக்குப் போன படை பத்தே வாரங்களில் சண்டைக்காரர்களில் ஒரு தரப்பாக மாறிவிட்டது.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொன்னது அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் நடந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள், நோயாளிகள் என்று 60 பேருக்கும் மேல் இறந்தார்கள். வளாகத்துக்குள்ளிருந்து புலிகள் சுட்டார்கள், இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள் என்பது நம் படைத் தரப்பின் விளக்கம். வார்டுகளுக்குள் வந்து சுட்டார்கள் என்பதும், பிணங்களுக்கிடையே பிணம்போல் கிடந்து பிழைத்தோம் என்பதும் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம். இவ்விரண்டில் எது உண்மை என்று நிறுவியிருக்க வேண்டிய பொது விசாரணை ஒன்றை இந்திய அரசு நடத்தவே இல்லை. உங்கள் ஆத்திரத்துக்கு உரிய இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

குற்றவுணர்வுக்கு வருகிறேன். படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவை என்று நம் அரசியல் சட்டம் சொல்லவில்லை; அது அமைச்சரவையின் முடிவு. ஆகவே 1987இல் உங்களையும் யாரும் கேட்கவில்லை, உங்கள் தொகுதி உறுப்பினரையும் கேட்கவில்லை. மிட்டாய் கொடுத்ததற்காக நீங்கள் வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை. நான்கு ஆண்டுகளாகப் படகுகளில் அகதிகள் வந்திறங்கியதைக் கோடிக்கரையிலும் ராமேசுவரத்திலும் கண்ணால் கண்டவர்கள், கொலை நின்றுவிடும் என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்ததில் என்ன தவறு? நாம் பதில் சொல்ல வேண்டிய காலம் அதற்குப் பிறகு வருகிறது.

சண்டை நடந்த நாட்களில் தமிழ்நாட்டில் கண்டன ஊர்வலங்கள் நடந்தன, மேடைகளில் பேசினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். பேச்சு அற்றுப்போனது 1991 மே 21க்குப் பிறகுதான். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் அவரோடு இருந்த அப்பாவிகளையும் புலிகள் கொன்றதும், மறு ஆண்டு அவ்வியக்கம் தடை செய்யப்பட்டதும், அமைதிப்படையின் கையால் இறந்தவர்களைப் பற்றி வாய் திறந்தால் கொலைகாரர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும் என்ற அச்சம் நம்மிடையே பரவியது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையில் இந்த அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. கியூ பிரிவு என்னும் உளவுப் பிரிவுக் காவலர் வந்து விசாரித்துவிட்டுப் போனால் அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் போக்குவரத்தை நிறுத்திவிட்ட காலம் அது. புலிகள் செய்த கொலைகளைக் கண்டிக்கிற அதே வாயால் நம் படை செய்ததையும் கேட்டிருக்கலாம். 1989 ஜூலையில் கொழும்பில் ஈழத் தமிழர் அரசியல் தலைவர் அமிர்தலிங்கத்தைச் சுட்டவர்கள் புலிகள். அடுத்த மாதமே வல்வெட்டித்துறையில் 60 பேருக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தது நம் படையின் கையால். ஒன்றைச் சொன்னால் மற்றொன்று பொய்யாகிவிடாது. ஆனால் நாம் இரண்டையும் விட்டுவிட்டோம். வல்வெட்டித்துறையை அமெரிக்கப் படை வியட்நாமில் செய்த மை லாய் படுகொலையோடு ஒப்பிட்டுக் கண்டித்த ஜார்ஜ் பெர்னாண்டஸ், 1998இல் தாமே பாதுகாப்பு அமைச்சரானார். அப்போதும் விசாரணை வரவில்லை. வரவேண்டும் என்று அவரை உலுக்கிக் கேட்டவர்களும் நம்மில் அதிகம் இல்லை.

இனி, என்ன செய்வது என்ற கேள்வி. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று உங்கள் மனத்தில் ஓடியிருக்கும். கேட்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் அழுதால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். தாயைப் பறிகொடுத்தவர் மீது அந்த வேலையையும் சுமத்த வேண்டாம். அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. நீங்கள் இந்தியக் குடிமகள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. தன் தாயார் எப்படி இறந்தார் என்று இந்திய அரசைக் கேட்க அந்த அம்மாவுக்கு இச்சட்டத்தில் இடமில்லை. 10 ரூபாய் கட்டணத்தில் உங்களுக்கு இருக்கிறது. எந்தக் குடியுரிமை உங்களைக் கூசச் செய்கிறதோ, அதை வைத்தே கேளுங்கள்.

அந்தத் தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நடந்தது குறித்துப் படைக்குள் விசாரணை நடந்ததா, நடந்திருந்தால் அதன் அறிக்கையின் நகல் தருக என்று பாதுகாப்பு அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 20 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகள் பற்றிய தகவலைத் தரவேண்டும் என்று அச்சட்டத்தின் 8(3) பிரிவு சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு என்ற விதிவிலக்கைக் காட்டி மறுப்பார்கள். பெரும்பாலும் அதுதான் நடக்கும், அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். மறுப்பு வந்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் முடிவிலிருந்து 90 நாட்களுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் வரும் மறுப்பும் ஓர் ஆவணம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேள்வி எழுப்பச் சொல்லலாம். அவரிடம் போகும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இல்லை. நம் படை போய்ச் சண்டையிட்ட ஊரிலிருந்து 1990இல் வந்தவர் இன்னும் வெளிநாட்டவராகவே இருக்கிறார்.

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மாமா, ஈராக் போருக்குத் தாம் கட்டிய வரியும் போயிற்றே என்று இன்றும் புலம்புகிறார். அவர் வரி கட்டியவர், வருந்தட்டும். அமைதிப்படை திரும்பி வந்த பிறகு பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு இதில் என்ன பொறுப்பு?
(கல்லூரி மாணவர், மன்னார்குடி)

பதில்: குற்றம் எதுவும் இல்லை தம்பி. உங்கள் மாமாவின் நிலை வேறு. 2003 மார்ச்சில் அவர் நாடு ஈராக்கின் மீது படையெடுத்தபோது சொன்ன காரணம் பேரழிவு ஆயுதங்கள். அவை அங்கே கிடைக்கவே இல்லை. அதை அறிந்த பிறகும் வாக்களிக்கும் உரிமையோடு அங்கே வாழ்பவர் அவர்.

உங்களிடம் நான் கேட்பது வேறு. ராஜராஜன் ஈழத்தை வென்றான் என்று படிக்கும்போது உங்களுக்குப் பெருமை தோன்றுகிறதா? நம் டெல்டாவில் தோன்றாதவர் குறைவு. அவன் பிறந்தநாளான சதய விழாவுக்குத் தஞ்சைக்குப் போய்ப் பாருங்கள், தெரியும். ஈழத்து ஊர்களின் வருவாயைப் பெரிய கோயிலுக்கு எழுதிவைத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. அவன் மகன் ராஜேந்திரன் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துக் கொண்டுவந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டிலேயே கிடந்து அந்த மன்னன் இறந்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் படையெடுப்புகளை 'நாம் வென்றோம்' என்று சொல்லிக்கொள்பவருக்கு, நாற்பது ஆண்டுகள்கூட ஆகாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அது அரசாங்கம் செய்தது, நான் அப்போது பிறக்கவில்லை' என்று ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. ஒன்று, இரண்டையும் விட்டுவிடுங்கள். அல்லது இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அமைதிப்படையில் இருந்தவன். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்க வரவில்லை. ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்தோம். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்தால் நாங்கள் அனைவரும் கொலைகாரர்கள் என்றுதான் தோன்றும். அனுப்பியது யார்?
(முன்னாள் படைவீரர், ஒரத்தநாடு)

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன் ஐயா. தண்ணீர் வராவிட்டால் மதகைத் திறந்து மூடும் லஸ்கரை மட்டும் வைதுவிட்டு, அடைக்க உத்தரவிட்ட அதிகாரியை விட்டுவிடும் விவசாயி நம் பகுதியில் இல்லை. யாருடைய மண்ணில், எந்த மொழி பேசுபவர்களுக்கு நடுவே, எவ்வளவு தயாரிப்போடு உங்களை இறக்கினார்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். அக்டோபர் 12 அதிகாலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய வீரர்கள் 30 பேரில் ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார். அந்தத் திட்டத்தை வகுத்தவர்களின் பெயர் எந்த விசாரணையில் வந்தது? ஆகவே பொது விசாரணை வேண்டும் என்பது உங்களுக்கு எதிரான கோரிக்கை அல்ல.

கருணாநிதி வராதது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் அன்று எடுத்த அரசியல் நிலைப்பாடு. அது தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மனநிலையோடு ஒத்துப்போனது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் ஆணையிட்டவர் யாரும் இல்லை. காலூனம் பட்டவர்களும், மூட்டை முடிச்சோடு ஊருக்கு ரயிலேற வேண்டியவர்களும் இருந்தார்கள். கோபத்தை டெல்லிக்கு எழுதிவிட்டுத் துறைமுகத்துக்கும் போயிருக்கலாம் என்பது என் கருத்து. இதற்காக என்னை வைபவர்கள் இருப்பார்கள், வைதுகொள்ளட்டும்.

ஒரு வேண்டுகோள். மை லாய் கொலைகள் 1968 மார்ச்சில் நடந்தன. ஓராண்டுக் காலம் வெளியே தெரியாமல் இருந்த அதை வெளிக்கொண்டுவந்தவர்களில் முதல்வர் ரான் ரைடன்ஹவர் என்ற முன்னாள் படைவீரர். அவர் அங்கே இருந்தவரும் அல்லர். தோழர்கள் சொல்லக் கேட்டதைச் சேர்த்து, வாஷிங்டனில் இருந்த அதிகாரிகளுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஏறத்தாழ 30 கடிதங்கள் அனுப்பினார். விசாரணை அதிலிருந்துதான் தொடங்கியது. நீங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதிவையுங்கள். நல்லதாக நடந்ததையும் சேர்த்தே எழுதுங்கள். ஊர்ப்பெயர், மாதம், தேதி நினைவிருந்தால் தேதி, இவை இருந்தால் போதும். 1923ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது; ஆகவே எதையும் வெளியிடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வல்வெட்டித்துறையில் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் அவ்வூர் மக்கள் குழு வாக்குமூலம் வாங்கித் தொகுத்து வைத்திருக்கிறது. அங்கே போய்வந்த சிப்பாய்களின் வாக்குமூலத்தை நம் பக்கத்தில் யாரும் அப்படித் தொகுத்து வைக்கவில்லை, நீங்களோ வேதாரண்யத்து ஆசிரியையின் தம்பியோ தொடங்கினால்தான் உண்டு.