பாகப் பத்திரத்தில் யாரென்று தெரியாத ஒரு மைனர்

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில் 1938ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. தாத்தாவோடு ஒரு மைனருக்கும் பங்கு எழுதப்பட்டுள்ளது. தந்தை பெயர் எங்கள் கொள்ளுத்தாத்தாவுடையது. கார்டியனாகக் கைநாட்டு வைத்த தாயாரின் பெயர் எங்கள் கொள்ளுப்பாட்டியுடையது அன்று. வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அவர் யார், என்ன ஆனார் என்று எப்படி அறிவது?

பதில்: பங்கு கொடுத்துப் பத்திரம் பதிந்திருப்பதால், அந்தப் பிள்ளையை அன்றைக்குக் குடும்பம் மகனாகவே ஏற்றிருக்கிறது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தடைசெய்யப்பட்டது. எனவே அந்த அம்மையார் இரண்டாம் மனைவியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அவரைப் பற்றித் தரக்குறைவாக எண்ண இடமில்லை.

முதலில் பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். யார் தாக்கல் செய்தார், கைநாட்டு யாருடையது, அந்த அம்மையாரை அடையாளம் காட்டியவர் எந்த ஊர், யார் மகன் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அடையாளம் காட்டியவர் பெரும்பாலும் அவரது பிறந்த வீட்டு மனிதராகவோ அவ்வூர்க்காரராகவோ இருப்பார்.

அடுத்து, எல்லோரும் ஓடுவதுபோல் பிறப்புப் பதிவேட்டைத் தேடி ஓடாதீர்கள். கிராம முன்சீப் எழுதிய அக்காலப் பதிவுகளில் பல, குழந்தையின் பெயரே இல்லாமல் 'ஆண்' என்பதோடு நின்றுவிடும். மைனருக்கு விழுந்த நிலத்தைப் பின்தொடருங்கள். அவர் மேஜரான பிறகு அதை விற்றோ அடமானம் வைத்தோ இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் அட்டவணையில் அவர் பெயரும், தந்தை பெயரும், அப்போது வசித்த ஊரும், தொழிலும் பதிவாகியிருக்க வேண்டும். பெயர் அகப்படாவிட்டால் சொத்து அட்டவணையில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் வைத்துத் தேடலாம். மறுநில அளவையில் எண்கள் மாறியிருக்குமாகையால், பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி 'ஒன்றுமில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இதற்குக் கைப்பட எழுதிய பழைய புத்தகங்களையே கட்டணம் செலுத்தித் தேட வேண்டும்.

இங்கேதான் வாசலில் நிற்கும் இடைத்தரகர் குறுக்கிடுவார். "அசல் பத்திரத்தைக் கொடுங்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள், உங்களுக்குப் பங்கே வரும்" என்பார். அசலைக் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள், பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதித் தராதீர்கள். குடும்பத்தின் பழைய மனத்தாங்கலை வழக்காக்கிப் பிழைப்போர் இருக்கிறார்கள். நீங்கள் தேடுவது ஒரு மனிதரை. அவர்கள் தேடுவது நிலத்தை.

சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில், அதாவது நிலம், வீடு பற்றிய பத்திரங்களுக்கான பதிவேட்டில், பதிவான கிரையம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியவற்றின் நகலைக் கட்டணம் கட்டி யாரும் பெறலாம். உயில் மட்டும் வேறு. அது மூன்றாம் புத்தகத்தில் பதியப்படுவது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவரோ அவரது முகவரோ தவிர வேறெவருக்கும் நகல் கிடையாது. அவர் இறந்த பிறகு, மனுச் செய்யும் எவருக்கும் நகல் தரலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. 'வாரிசுக்கு மட்டும்தான்' என்று திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். கொள்ளுத்தாத்தா உயில் பதிந்திருந்தால், அந்த அம்மையாரைப் பற்றி அவரே சொன்ன சொல் அதில் இருக்கக்கூடும். ஆகவே இறப்புச் சான்றுடன் இதைத் தனியாகக் கேளுங்கள்.

'புத்தகம் சிதிலமாகிவிட்டது' என்ற பதிலை வாய்மொழியாக ஏற்காதீர்கள். காப்பாற்ற வேண்டியவர்கள் செல்லரிக்க விட்டுவிட்டு, கேட்பவரை மாதக்கணக்கில் அலைய விடுவது சகிக்கத்தக்கதன்று. எந்த ஆண்டு, எந்தத் தொகுதி, எந்தப் பக்கங்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அத்துடன் மாவட்டப் பதிவாளருக்கு மனுக் கொடுங்கள்.