இங்கிலீஷ்ல ஒரு ஆளையோ எடத்தையோ வர்ணிச்சு எஸ்ஸே எழுதுறது எப்படி?

மீனாட்சி கோயில் பத்தி எழுதச் சொன்னா தங்கச்சி 'வெரி பியூட்டிஃபுல்'னு நாலு தடவை எழுதிட்டு நிக்கிறான்னு கேட்டிருக்கீங்க. அந்த வார்த்தைய முதல்ல அடிச்சிருங்க, அது எதையுமே காட்டாது. தெக்கு கோபுரம் ஏறக்குறைய 170 அடி, அதுக்கு அடியில நின்னு கழுத்து வலிக்க அண்ணாந்து பாக்குறதுல ஆரம்பிச்சு அப்புறம் கண்ணு கீழ எறங்கி, சுடுற கல்லு, மல்லிப்பூ வாசம், வளையக்கடை சத்தம்னு ஒரே தெசையில போகணும், அங்கிட்டும் இங்கிட்டும் தாவக்கூடாது.

ஆளுன்னா மூக்கு, முடி, ஹைட்டுன்னு லிஸ்ட் போடாம ஏதாச்சும் வேலை செய்யும்போது புடிங்க. எங்க தெருமுக்குல பூக்கட்டுற அக்கா நம்மகிட்ட பேசிக்கிட்டே நாரைப் பாக்காமயே முடிச்சுப் போடுவாங்க. 'ஹெர் ஃபிங்கர்ஸ் நெவர் வெயிட் ஃபார் ஹெர் ஐஸ்', அவ்ளோதான், ஆளு வந்துருச்சா?

கிராமர்ல ரெண்டு எடத்துல வழுக்கும். 'ஸ்மால் ஓல்ட் பிராஸ் லாம்ப்'னுதான் வரும், அளவு, வயசு, பொருள்னு வரிசை, மாத்துனா காதுல இடிக்கும். இன்னொன்னு டென்ஸ்: எடம் எப்பவும் எப்படி இருக்கும்னா பிரசண்ட், போன வாரம் போய்ட்டு வந்த கதைன்னா பாஸ்ட். (நான் ஸ்கூல்ல ரெண்டையும் கலந்தடிச்சு சிவப்பு மையா வாங்குன ஆளு.)