சான்றிதழில் நிமோனியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்டே, போதைப்பொருள் ஒழிப்பு வேட்டையில் நடந்த கொலைகளுக்காகக் கைதானது பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். என் தம்பி போதையால் சீரழிந்தவன். அதனால் விற்பவர்களைச் சுட்டுத்தள்ளிய ஒருவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 80 வயதுக்காரரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் விசாரிப்பது காலனியத் திமிர்தானே? பிலிப்பைன்ஸ் 2019-லேயே ஹேக்கில் உள்ள அந்தச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை விட்டு விலகிவிட்டது. பிறகு ஏது அதிகாரம்?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

தம்பியைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். உங்கள் கோபத்தில் பிழையில்லை. ஆனால் மணிலாவில் என்றால் பட்டியலில் ஏறியிருக்கும் பெயர் உங்கள் தம்பியுடையது. பாரங்காய் என்ற வட்டார அலுவலகங்கள் தயாரித்த பட்டியல்களில் விற்பவரும் பயன்படுத்துபவரும் கலந்தே இருந்தார்கள். போலீஸ் வீடுவீடாக நடத்திய வேட்டைக்குப் பெயர் 'தோக்ஹாங்'; அந்தச் சொல்லுக்குக் கதவைத் தட்டி வேண்டிக்கொள்வது என்று பொருள். தட்டியபோது சரணடைந்து கையெழுத்துப் போட்டவர்களில் சிலரும் பிறகு கொல்லப்பட்டார்கள். இதை அறியாமல் 'விற்பவர்களைச் சுட்டார்' என்று எழுதாதீர்கள்.

அதிகாரம் பற்றிய கேள்விக்கு விடை சிறியது. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனம் பிலிப்பைன்ஸில் நடைமுறைக்கு வந்தது 2011 நவம்பர் 1. விலகல் நடைமுறைக்கு வந்தது 2019 மார்ச் 17. கைது ஆணை பேசுவது இடைப்பட்ட காலத்துக் கொலைகளை மட்டும்தான். வீட்டைக் காலி செய்தால் பழைய வாடகை பாக்கி தீர்ந்துவிடாது. காலனியம் என்கிறீர்கள். 2025 மார்ச் 11 அன்று மணிலா விமான நிலையத்தில் அவரைப் பிடித்தது பிலிப்பைன்ஸ் போலீஸ். புகார்களைச் சுமந்துபோனவர்கள் அந்த நாட்டு வழக்கறிஞர்களும் தாய்மார்களும். வயதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

2017 ஆகஸ்டில் மணிலாவை ஒட்டிய காலோக்கான் நகரில் 17 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டான். 'நன்லாபன்', அதாவது எதிர்த்துத் தாக்கினான் என்றது போலீஸ். அவனைக் கைப்பிடியாக இழுத்துப்போவது தெருக் கேமராவில் பதிந்திருந்தது. மறுவருடமே மூன்று போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. போலீஸ் நடவடிக்கைகளில் இறந்ததாக அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 6,000-க்கு மேல். கேமரா இல்லாத தெருக்களில் செத்தவர்களுக்கு யார் சாட்சி?

உடல்தான் சாட்சி. அந்த உடலைத்தான் முதலில் கெடுத்தார்கள். தோலில் படியும் புகைக்கரியும் வெடிமருந்துத் துகளும் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதைச் சொல்லும். கழுவிப் பதப்படுத்தினால் அது போயிற்று. சட்டையைத் தூக்கி எறிந்தால் துணியில் இருந்த தடயமும் போயிற்று. பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்தால் தோட்டா உள்ளேயே தங்கிவிடும், எந்தத் துப்பாக்கி என்று ஒப்பிட வழியில்லை. கடைசியாக மரணச் சான்றிதழ். குண்டுக்காயம் என்று எழுதினால் விசாரணை, செலவு, தாமதம். பல ஏழைக் குடும்பங்களின் கையில் வந்து சேர்ந்த தாளில் 'நிமோனியா' போன்ற இயற்கைக் காரணங்கள் எழுதப்பட்டிருந்தன.

பொது மயானங்களில் கல்லறை ஐந்து வருட வாடகைக்குத்தான். 2016-ல் புதைத்தவர்களுக்கு 2021-ல் கெடு முடிந்தது. பணம் கட்டாவிட்டால் எலும்புகளைச் சாக்கில் கட்டி வெளியே எடுத்துவிடுவார்கள், பிற எலும்புகளோடு கலந்தால் யார் யாரென்று பிரிப்பது பெரும்பாடு. அருட்தந்தை ஃப்ளாவி வில்லானுவேவா அந்த எலும்புகளை எடுக்கக் குடும்பங்களுக்கு உதவினார். தடயவியல் மருத்துவர் ராகேல் ஃபோர்ட்டூன் அவற்றை ஆராய்ந்தார்.

தசை போனாலும் எலும்பில் தடயம் நிற்கும். மண்டையோட்டில் குண்டு நுழைந்த துளை வெளிப்பக்கம் சிறுத்து, உள்பக்கம் புனல்போல் விரிந்திருக்கும். வெளியேறிய துளையில் அது தலைகீழ். இரண்டையும் கோடிட்டு இணைத்தால் குண்டு வந்த திசை தெரியும். உச்சியில் நுழைந்து தாடைப் பக்கம் இறங்கியிருந்தால், நேருக்கு நேர் நின்று சண்டையிட்டான் என்ற அறிக்கை தடுமாறும். ஆனால் எத்தனை அடி தூரம் என்பதை எலும்பு அநேகமாகச் சொல்லாது. ஆய்வு முடிந்ததும் எலும்புகள் எரியூட்டப்பட்டு, சாம்பல் குடும்பத்திடம் போகிறது. ஆகவே அளவுகோல் வைத்து எடுத்த படம், எண்ணிட்ட பட்டியல், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் திரும்பப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

ஹேக் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவராகப் பங்கேற்க விண்ணப்பிக்கும் தாய் தன் அடையாளத்தையும், இறந்தவரோடு தனக்குள்ள உறவையும், நேர்ந்த கொடுமையையும் காட்ட வேண்டும். அவளிடம் உள்ள அரசுத் தாளோ மகன் நோயில் செத்தான் என்கிறது. நீங்கள் காலனியம் பற்றிக் கேட்டீர்கள், எனக்கு இந்தத் தாள்தான் கண்முன் நிற்கிறது.

2016 டிசம்பரில் காலோக்கானில் குறிதவறிய குண்டு பட்டு 9 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் சான்றிதழிலும் நிமோனியா. அப்பா மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். பல வருடங்களுக்குப் பிறகு, மரணக் காரணத்தைக் குண்டுக்காயம் என்று திருத்தும்படி உத்தரவு வந்தது.