ஊருக்குப் போனால் நிற்கும் இருமல்

கேள்வி: வடசென்னை மணலியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறு வயது மகனுக்கு விடியற்காலையில் இருமலும் இளைப்பும் வருகிறது. போளூரில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தால் இருமலே இல்லை. திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பிக்கிறது. டாக்டர் தினமும் அடிக்க இன்ஹேலர் கொடுத்தார். பழகிவிடும் என்று மாமியார் பயந்ததால் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டோம். கம்பெனிப் புகைதான் காரணமா? வீட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: போளூரில் நிற்கிறது, மணலியில் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களே, ஒரு எக்ஸ்ரேகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. உங்கள் சந்தேகம் நியாயமானது.

மணலிக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது 1960களில். அதைச் சுற்றி உரம், ரசாயன ஆலைகள், எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்கள், நடுவில் நம் வீடுகள். எரிபொருளில் இருக்கும் கந்தகம் எரிந்து சல்ஃபர் டை ஆக்சைடு ஆகிறது. இளைப்பு உள்ள குழந்தைக்குச் சில நிமிடத்திலேயே அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இதோடு நுண்துகள்களும் சேர்கின்றன. மார்கழி, தை மாதங்களில் தரையோரக் குளிர்காற்று மேலே எழும்பாததால் புகையும் கீழேயே தங்குகிறது. விடியற்காலையில் அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. இந்த இடைவெளியில்தான் உங்கள் பையன் மூச்சு விடுகிறான்.

இன்ஹேலர் பழகிவிடாது. அதிலுள்ள ஸ்டீராய்டு மிகக் குறைந்த அளவு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. இருமல் நின்றதும் நிறுத்தினால் உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து அடியுங்கள், அடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மாமியாரையும் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் பயம் பேரன் மேல் உள்ள பாசம்தானே.

அப்புறம், ராத்திரி கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா? கால்வாய் ஓரத்து வீடுகளில் கொளுத்தாமல் இருப்பது கஷ்டம், தெரியும். ஆனால் மூடிய அறையில் அந்தப் புகை ஆலைப் புகைக்குக் குறைந்ததல்ல. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் வேண்டாம். ஜன்னல் விளிம்பில் படியும் கரியை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் பறக்கும். துணி மாஸ்க் பயன் தராது. என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படிக் கண் எரிந்து நெடி அடித்தால், ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளிழுத்தாலோ, உதடு நீலமானாலோ, ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாவிட்டாலோ உடனே 108.

வீடு மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள். ஆனால் பையனின் பள்ளியும் கணவரின் வேலையும் அங்கேதான் என்றால், முடியவில்லையே என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீர்கள். காற்றைச் சுத்தமாக வைத்திருப்பது தாயின் வேலை அல்ல, ஆலைகளின் வேலை, அவற்றைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன நெடி, எத்தனை முறை இருமினான் என்று எழுதுங்கள். தெருவில் நாலைந்து வீட்டார் சேர்ந்து எழுதி வாரியத்தில் புகார் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம். டாக்டரிடம் போகும்போதும் அந்த நோட்டையும் ஸ்பேசரையும் எடுத்துப் போய், அவர் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்.