இணையத் துன்புறுத்தல் புகார்களைக் கையாளும் அரசு வேலை எப்படி இருக்கும்? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: நடக்கும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில், எதிர்பார்க்கும் வேகத்தில் பெரும்பாலும் நடக்காது.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து, குடியுரிமை வாங்கி, சட்டம் படித்து, இப்படி ஓர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கீழே வரும் ஆட்களும் பல புகார்களைக் கலந்து, அடையாளம் மாற்றிச் சொல்லப்பட்டவர்கள்தான்.

நாங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் ஃபேஸ்புக் பதிவு மறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பொத்தான் எங்களிடம் இல்லை. "இது எங்கள் சட்டத்தில் வராது" என்பதை எதிரில் இருப்பவரைக் கைவிடாமல் சொல்வதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. அந்த ஒரு வரியை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவது சுலபம். "ஆனால் இன்ன நீதிமன்றத்துக்கு, இன்ன படிவத்தோடு போங்கள், இதையெல்லாம் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த வரியை எழுதத்தான் படிப்பும் அனுபவமும் தேவைப்படுகின்றன.

இங்கே சட்டங்களுக்குக் குறைவில்லை, சிதறிக் கிடப்பதுதான் சிக்கல். படங்களுக்கு வயதுச் சான்று கொடுக்கும் திரைப்பட, வெளியீட்டு வாரியத்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019இல் திருத்தி இணையத்துக்கும் நீட்டினார்கள். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2022 மார்ச் 1 அன்றுதான். அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்பினால் 1,50,000 ரான்ட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படத்தில் இருப்பவர் யார் என்று தெரியும்படி பரப்பினால் இரண்டும் இரட்டிப்பு. இதற்கிடையில் 2021 டிசம்பர் 1 அன்று சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி அமலுக்கு வந்தது. வன்முறை மிரட்டல், அந்தரங்கப் படத்தை வெளியிடுவது ஆகியவற்றுக்கு அதில் மூன்று ஆண்டு வரை சிறை.

தேதிகளை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் எரிந்தபோது, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் இந்தியர்களும் கறுப்பினத்தவர்களும் ஒருவரை ஒருவர் பயந்து தெருவில் தடுப்புப் போட்டு நின்றபோது, யார் பேசினார் என்றே தெரியாத குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் குழு குழுவாகப் பாய்ந்தன. அந்த நேரத்தில் இரண்டு சட்டங்களும் கையெழுத்தாகிக் காகிதத்தில் இருந்தன, அமலில் இல்லை. பழைய சட்டங்களை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது. சட்டம் இயற்றுவதற்கும் அமலாவதற்கும் நடுவில் விழும் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

நடைமுறையில் சாதாரண ஆளுக்கு அதிகம் பயன்படுவது இவை இரண்டுமல்ல, அதிகம் பேசப்படாத 2011ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். 2013 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நீங்களே படிவம் நிரப்பிப் பாதுகாப்பு ஆணை, அதாவது அந்த ஆள் இனி தொல்லை தரக் கூடாது என்ற உத்தரவு, கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆதாரம் போதுமானதாக இருந்தால் எதிர்த் தரப்பை அழைக்காமலேயே இடைக்கால ஆணை கிடைக்கும். ஆனால் அது அந்த ஆளின் கையில் சேர்ப்பிக்கப்பட்ட பிறகுதான் உயிர் பெறும், அதில்தான் இழுபறி. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகூடப் பெற்றோர் துணையின்றி விண்ணப்பிக்கலாம். இதைச் சொன்னால் பெற்றோர் பலர் என்னை முறைக்கிறார்கள்.

எண்ணை மறைத்து, போலிக் கணக்கிலிருந்து அனுப்புகிறவனை என்ன செய்வது? அதே சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. அந்த எண் யாருடையது என்ற விவரத்தைத் தரும்படி தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். சரி, விவரம் வந்துவிடும். ஆனால் சிம் அட்டைப் பதிவு கட்டாயமாக இருந்தும், யாரோ ஒருவர் பெயரில் முன்கூட்டியே பதிவான அட்டைகள் இங்கே தெருவில் விற்கின்றன. எண்ணுக்குரியவர் என்று ஒரு முகவரி வரும், போய்ப் பார்த்தால் அங்கே இருப்பவருக்கு விஷயமே தெரியாது.

இனி ஆட்களிடம் வருகிறேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கத்துப் பெண் ஒருவர். நிச்சயம் முறிந்தபின் அந்தப் பையன், "உன் படத்தை உங்கள் குடும்பக் குழுவில் போடுவேன்" என்கிறான். நம் சமூகத்தில் இந்த மிரட்டலுக்கு ஏன் இவ்வளவு பலம் என்று சக ஊழியர்களுக்கு விளக்குவது எனக்கு ஒரு தனி வேலை. அந்தக் குழுவில் பாட்டி, பெரியப்பா, லண்டன் சித்தி, கோயில் செயலாளர் எல்லோரும் இருப்பார்கள். இணையம் முழுக்கப் பரவுவதைவிட அந்த நாற்பது பேர் பார்ப்பதுதான் அவளுக்குப் பயம். "அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அக்கா" என்பதுதான் அவளுடைய முதல் வாக்கியம். அவனை உள்ளே தள்ள அவளுக்கு ஆசையில்லை. படம் போகக் கூடாது, அவ்வளவுதான். சட்டமோ தண்டனையைப் பற்றித்தான் முதலில் பேசும். இந்த இடைவெளியில்தான் நான் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

அவளுக்குச் சொன்னது: நிச்சயம் ஆனவர்கள் என்பதால் இது குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே வரும், அங்கும் பாதுகாப்பு ஆணை உண்டு. படம் அவள் கையில் இருந்தால் ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவையில் பதியலாம். படம் அவள் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் சில பெரிய தளங்களுக்குப் போகும், அங்கே யாராவது ஏற்ற முயன்றால் பிடிபடும். வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் அனுப்பினால் இது தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொய் நம்பிக்கை கொடுப்பதைவிட அது மேல்.

சில மாதம் கழித்து இன்னொரு பெண். "படத்தில் இருப்பது நானே இல்லை அக்கா, முகம் மட்டும்தான் என்னுடையது. அப்போ சட்டம் பொருந்துமா?" பொருந்தும். சைபர் குற்றச் சட்டம் அந்தரங்கப் படம் என்பதை, உண்மையானாலும் போலியாக உருவாக்கியதானாலும் என்றே வரையறுத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் காலத்துக்கு முன்னால் ஓடியிருக்கிறது.

அப்புறம் கோயில் குழுச் சண்டைகள். காவடி முடிந்ததும் கணக்கு வழக்கில் சண்டை வரும், ஒரு பெரியவரைத் திருடன் என்று குழுவில் எழுதியிருப்பார்கள். அவர் அச்செடுத்துக்கொண்டு நேரில் வருவார். "அவதூறு உரிமையியல் வழக்கு, ஐயா. எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்பேன். "அப்போ உங்க ஆபீஸ் எதுக்கு, கண்ணு?" என்பார். கேள்வி நியாயமானதுதான். வழக்கறிஞர் கடிதம் ஒன்று, குழு நிர்வாகியிடம் ஒரு பேச்சு, இரண்டும் எங்களைவிட வேகமாக வேலை செய்யும் என்று சொல்லி அனுப்புவேன். ஆனால் திட்டு இனம், நிறம் சார்ந்து வெறுப்பைத் தூண்டுவதாக இருந்தால் கதை வேறு, அது சமத்துவ நீதிமன்றத்துக்குப் போகும். 2016இல் கடற்கரைக் கூட்டத்தைப் பற்றி ஃபேஸ்புக்கில் கறுப்பினத்தவர்களைக் குரங்குகளோடு ஒப்பிட்டு எழுதிய பென்னி ஸ்பாரோவுக்கு, டர்பனுக்குத் தெற்கே உள்ள உம்சிண்டோவின் சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ரான்ட் கட்டச் சொன்னது. அந்தத் தொகையை ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள். கோபத்தில் முதலில் அழித்துவிடுகிறீர்கள், இல்லை பிளாக் செய்துவிடுகிறீர்கள். அதற்கு முன்னால் சேமியுங்கள். திரைப்பிடிப்பில் தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரிய வேண்டும். பதிவின் இணைப்பு முகவரியைத் தனியே நகலெடுங்கள், ஏனென்றால் காட்டும் பெயரை அவன் நாளைக்கே மாற்றிவிடுவான். வாட்ஸ்அப் என்றால் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்யுங்கள். நீங்கள் பேசியதையும் வெட்டாதீர்கள், வெட்டியது எதிர்த்தரப்பு மூலம் வெளியே வந்தால் உங்கள் வழக்குதான் பலவீனமாகும். ஒரே ஒரு விதிவிலக்கு: அந்தரங்கப் படத்தில் இருப்பது குழந்தை என்றால் நகலெடுக்காதீர்கள், "ஆதாரத்துக்காக" யாருக்கும் அனுப்பாதீர்கள், எங்களுக்கும்கூட. இணைப்பை மட்டும் கொடுங்கள், காவல் நிலையத்தில் சொல்லுங்கள். வைத்திருப்பதும் அனுப்புவதுமே குற்றமாகிவிடும்.

அப்படிப்பட்டவற்றை நாள் முழுக்கப் பார்ப்பது மனதைப் பாதிக்காதா என்றும் சிலர் கேட்பார்கள். பாதிக்கும். நிறத்தை நீக்கி, ஒலியை அணைத்து, சிறிய அளவில் பார்ப்போம். தனியாகப் பார்ப்பதில்லை, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பார்ப்பதில்லை. ஆலோசகரைப் பார்ப்பதை இங்கே யாரும் கேவலமாக நினைப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை படங்கள் மறந்துபோகின்றன, தொலைபேசிக் குரல்கள்தான் மறப்பதில்லை.

இந்த வேலைக்கு வர நினைத்தால் சட்டமோ சமூகப்பணியோ படித்திருப்பது உதவும். கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. டர்பனில் ஜூலு மொழி தெரிந்தால் மிகவும் நல்லது. நேர்காணலில் தமிழ் தெரியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை, ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழ்த் திட்டு எது வந்தாலும் இப்போது என் மேசைக்குத்தான் வருகிறது.